ஒரே கணினி, ஏழு ஸ்கோர்: பெஞ்ச்மார்க்கை நம்பும்படி எடுப்பது எப்படி

ஒரே லேப்டாப்பில் ஒரே பெஞ்ச்மார்க்கை (கணினியின் வேகத்தை அளக்கும் சோதனை மென்பொருளை) அடுத்தடுத்து ஏழு முறை ஓட்டிப் பாருங்கள். ஏழு வெவ்வேறு எண்கள் வரும். எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 9,840, 9,610, 9,420, 9,405, 9,430, 9,398, 9,415. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நாலரை சதவீத இடைவெளி. மெஷின் அதேதான், மென்பொருளும் அதேதான். இப்போது நண்பரின் லேப்டாப் 9,700 எடுத்தது என்றால் எது வேகமானது? முதல் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் உங்களுடையது, மூன்றாவதோடு ஒப்பிட்டால் அவருடையது. அவர் எத்தனையாவது ஓட்டத்தைச் சொல்கிறார் என்று தெரியாதவரை விடை சொல்ல வழியே இல்லை.

அதனால் இரண்டு கணினிகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரு கணினியை அதோடே ஒப்பிட வேண்டும். எதையும் மாற்றாமலேயே ஸ்கோர் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் முதலில் எடுக்க வேண்டிய அளவு. அந்த ஆட்டத்தைவிடச் சிறிய வித்தியாசத்தை வித்தியாசம் என்று எண்ணக் கூடாது. கீழே சொல்லப்போகும் வழிகள் எல்லாம் அந்த ஆட்டத்தைக் குறைக்கவும், குறைக்க முடியாமல் மிஞ்சியதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்தான்.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

‘எந்தக் கணினி வேகமானது?’ என்று கேட்டால் அளக்க எதுவும் கிடைக்காது. ‘40 நிமிட வகுப்பு வீடியோவை எச்.265 வடிவத்துக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது?’, ‘8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி போட்டால் கேம் எவ்வளவு சீராகும்?’, ‘சாட்டா எஸ்எஸ்டியை மாற்றி அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போட்டால் நம் அக்கவுண்ட்ஸ் மென்பொருள் சீக்கிரம் திறக்குமா?’ என்று கேட்டால் அளக்கலாம். கேள்வியில் வேலை இருக்க வேண்டும், அதன் அளவு இருக்க வேண்டும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிரைஸ்டோன் நல்ல பாடம். 1984இல் வந்த சிறிய சோதனை நிரல் அது. அன்றைய புரோகிராம்கள் சராசரியாகச் செய்த வேலைகளைத் திரட்டிச் செய்யப்பட்டது. வேக்ஸ் 11/780 கணினி விநாடிக்கு 1,757 டிரைஸ்டோன் ஓட்டியது. அதையே ‘1 மிப்ஸ்’ (விநாடிக்குப் பத்து லட்சம் கட்டளை) என்று வைத்து மற்ற மெஷின்களை அளந்தார்கள். ஆனால் அந்த நிரல் முழுவதும் கேஷுக்குள் (ப்ராசசரை ஒட்டிய சிறிய, வேகமான நினைவகத்துக்குள்) அடங்கிவிடும் அளவு சிறியது, அதன் நேரத்தில் பெரும்பங்கு எழுத்துச் சரங்களைப் பிரதியெடுப்பதிலும் ஒப்பிடுவதிலும் போகிறது. கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) எழுதியவர்கள் அந்த இடங்களை மட்டும் தீட்டிவிட்டால் போதும், ஸ்கோர் ஏறிவிடும், உண்மையான வேலை அப்படியே நிற்கும். இன்றும் மைக்ரோகன்ட்ரோலர் விவரத் தாள்களில் ‘டிமிப்ஸ்’ என்று காணும் எண் அதன் வாரிசுதான். அதைப் பார்த்து வாங்குகிறவர்கள், தங்கள் வேலை டிரைஸ்டோன் மாதிரியானதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் கணினியை ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

ஸ்கோர் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்று: வெப்பம், மின்சார அமைப்பு, பின்னணியில் ஓடும் வேலை.

வெப்பத்தில் தொடங்குவோம். ஒரே வாட்டில் ஓடும் சிப்பின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை ஏறும் அளவுக்கு ஏறக்குறைய அதே அளவு ஏறும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 90 டிகிரியில் ஓடிய சிப், மே மாதத்தில் 36 டிகிரி அறையில் 100ஐத் தொடும். தொட்டவுடன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆக, டிசம்பரில் எடுத்த ஸ்கோரையும் மே மாத ஸ்கோரையும் வைத்து ‘கணினி பழசாகிவிட்டது’ என்று முடிவுகட்டக் கூடாது. ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒரே அறையில், ஒரே மாலையில் ஓட்டுங்கள். அறை வெப்பநிலையை ஸ்கோரோடு சேர்த்து எழுதி வையுங்கள். லேப்டாப்பைக் கட்டில் மேலோ மடியிலோ வைக்கக் கூடாது, அடியில் காற்றுப் போகும் ஓட்டை அடைபடும். கெட்டியான மேசை மேல் வையுங்கள். பின்புறம் உயர்த்தி வைப்பதானால் இரண்டு லேப்டாப்பையும் ஒரே உயரத்துக்கு உயர்த்துங்கள்.

மின்சாரம்: லேப்டாப்போடு வந்த அசல் சார்ஜரைச் செருகுங்கள். வாட் குறைந்த டைப்-சி சார்ஜர் போட்டால் பேட்டரி ஏறும், ஆனால் பல மாடல்கள் ப்ராசசரின் வேகத்தைக் கட்டிப்போடும். விண்டோஸ் பவர் மோடைத் தவிர, லேப்டாப் கம்பெனியின் ஆப்பில் தனியாகச் சைலன்ட், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று இருக்கும். இரண்டையும் பாருங்கள். விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் வைத்துவிட்டு கம்பெனி ஆப்பில் சைலன்ட் விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. லினக்ஸில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ப்ராசசர் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றுங்கள்.

பின்னணி: கணினியை ரீஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். விண்டோஸ் எழுந்தவுடன் அப்டேட் தேடும், டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும், சர்ச் இண்டெக்ஸ் போடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 2, 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கி நிலையாக நின்ற பிறகு டாஸ்க் மேனேஜரையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள். சோதனைக்கு இணையம் தேவையில்லை என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அப்டேட் இறங்காது. இரண்டு விண்டோஸ் கணினிகளை ஒப்பிடும்போது ‘கோர் ஐசோலேஷன்’ பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அமைப்பு இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் ஆன், மற்றதில் ஆஃப் என்றால் கேம்களில் சில சதவீதம் அதனாலேயே மாறும். வேகத்துக்காக அதை அணைத்து வைக்கச் சொல்லவில்லை, இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் போதும்.

எத்தனை முறை, எப்படி

ஏழு முறை ஓட்டி முதல் இரண்டை விலக்குங்கள். மேலே உள்ள எண்களில் மிஞ்சுவது ஐந்து: 9,398, 9,405, 9,415, 9,420, 9,430. நடுவில் நிற்கும் 9,415தான் நீங்கள் சொல்ல வேண்டிய ஸ்கோர். சராசரி எடுத்தால், நடுவில் ஒருமுறை அப்டேட் புகுந்து கெடுத்த ஓட்டம் மொத்தத்தையும் இழுத்துவிடும். நடு எண்ணை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து நடு எண்ணால் வகுங்கள்: 32ஐ 9,415ஆல் வகுத்தால் 0.34 சதவீதம். இதுதான் அந்தக் கணினியின் ஆட்டம். இன்னொரு கணினியோடு உள்ள வித்தியாசம் இந்த ஆட்டத்தைப் போல இரண்டு மூன்று மடங்காவது இருந்தால்தான் பேச வேண்டும். ஐந்து ஓட்டத்திலும் ஆட்டம் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒப்பிடப் போகாதீர்கள். பின்னணியில் ஏதோ ஓடுகிறது அல்லது வெப்பம் இன்னும் நிலைக்கவில்லை, அதைக் கண்டுபிடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

விலக்கிய முதல் இரண்டு ஓட்டம் பொய்யானவை அல்ல. அவை குளிர்ந்த கணினியின் வேகம். ஆப் திறப்பது, எக்செல் ஃபைல் கணக்குப் போடுவது, வலைப்பக்கம் ஏற்றுவது போன்ற குறுகிய வேலைகளுக்கு அந்த வேகம்தான் கிடைக்கும். உங்கள் கேள்வி அதைப் பற்றியதென்றால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் சிப் பழைய வெப்பநிலைக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இறங்கும்வரை காத்திருந்து ஏழையும் குளிர்ந்த நிலையிலேயே ஓட்டுங்கள். குளிர்ந்த ஸ்கோரையும் சூடான ஸ்கோரையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு அமைப்பை மாற்றினால் பலன் உண்டா என்று பார்க்கும்போது, பழையதை ஐந்து முறை, பிறகு புதியதை ஐந்து முறை என்று ஓட்டாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அறை சூடேறியிருக்கும், பழி புதிய அமைப்பின் மேல் விழும். பழையது, புதியது, புதியது, பழையது என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமையும் போட்டு டிரைவரையும் அப்டேட் செய்துவிட்டால் பலன் எதனால் வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

ப்ராசசர்: சினிபெஞ்ச் ஓடும்போது உள்ளே நடப்பது

சினிபெஞ்ச் ஆர்23 ஒரு முப்பரிமாணக் காட்சியை வரைந்து ப்ராசசரை அளக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு அதில் வேலை இல்லை. அதில் குறைந்தபட்ச நேரம் என்ற அமைப்பு இருக்கிறது. பத்து நிமிடம் என்று வைத்தால் திரும்பத் திரும்ப ஓட்டும், ஆஃப் செய்தால் ஒரே சுற்றோடு நிற்கும். இரண்டையும் எடுங்கள். இடைவெளிதான் நமக்கு வேண்டியது.

ஓட்டுவதற்கு முன் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ‘சென்சார்ஸ் ஒன்லி’ முறையில் திறந்து பக்கத்தில் வையுங்கள். நான்கு வரிகளைப் பாருங்கள்: கோர்களின் கிளாக் (ஓடும் வேகம்), சிபியு பேக்கேஜ் பவர், சிபியு வெப்பநிலை, த்ராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) நடந்ததா என்ற ஆம்-இல்லை வரி. பத்து நிமிடச் சோதனையைத் தொடங்குங்கள். 15 வாட் என்று குறிக்கப்பட்ட இன்டெல் லேப்டாப் சிப்கூட முதல் சில விநாடிகளில் 40 வாட்டுக்கு மேல் இழுப்பதைப் பார்க்கலாம், கிளாக்கும் உச்சத்தில் நிற்கும். இது குறுகிய நேர வரம்பு, பிஎல்2 என்பார்கள். கொஞ்ச நேரத்தில் வாட் சரிந்து நீண்ட நேர வரம்பான பிஎல்1இல் போய் நிற்கும், கிளாக்கும் கூடவே இறங்கும். எவ்வளவு நேரத்தில் என்பதைத் தீர்மானிக்கும் மதிப்பு பல மெஷின்களில் 28 விநாடி. அது கடிகாரம் மாதிரி எண்ணப்படுவது கிடையாது, சமீபத்திய மின்செலவின் நகரும் சராசரியைக் கட்டுப்படுத்தும் மதிப்பு. அதனால் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த லேப்டாப் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இறங்கியபின் எங்கே நிற்கிறது என்பதை வைத்து நோயைச் சொல்லலாம். வெப்பநிலை 95 முதல் 100க்குள், த்ராட்லிங் ‘ஆம்’ என்றால் குளிர்விப்புப் போதவில்லை. ஃபேனில் தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட், அடைபட்ட காற்றுவழி இவற்றைப் பாருங்கள். வெப்பநிலை 70, 75இல் அமைதியாக இருக்க, வாட் மட்டும் ஒரே எண்ணில் ஆணியடித்தது போல் நின்றால் அது மின் வரம்பு. அதற்கு ஃபேனைக் கழற்றி எந்தப் பயனும் இல்லை. கம்பெனி ஆப்பில் பெர்ஃபார்மன்ஸ் மோடும் பயாஸ் அமைப்பும்தான் வழி. அதே ப்ராசசர் பெயரைத் தாங்கிய இரண்டு லேப்டாப்கள் பத்து நிமிடச் சோதனையில் வெகுதூரம் பிரிவது இந்த வரம்பை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைப்பதால்தான். ப்ராசசர் பெயரை மட்டும் பார்த்து லேப்டாப் வாங்கக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆர்23 ஸ்கோரையும் சினிபெஞ்ச் 2024 ஸ்கோரையும் ஒன்றோடொன்று வைக்க முடியாது. காட்சியும் வேறு, வரையும் எஞ்சினும் வேறு. கீக்பெஞ்ச் என்ற இன்னொரு சோதனையின் 6ஆம் பதிப்பில் இன்டெல் கோர் ஐ7-12700 ப்ராசசர் உள்ள கணினிக்கு 2,500 என்று வைத்து மற்றவற்றை அளக்கிறார்கள். கீக்பெஞ்ச் 5இல் கோர் ஐ3-8100க்கு 1,000. இரண்டும் வேறு அளவுகோல்கள். கீக்பெஞ்ச் குறுகிய சோதனைகளை இடைவெளி விட்டு ஓட்டுவதால் நீண்ட நேரச் சூட்டை அது காட்டாது. தினசரிச் சுறுசுறுப்பை அறிய அது போதும், அரை மணி நேர ரெண்டரிங்கைப் பற்றி அதைக் கேட்கக் கூடாது. மல்டிகோர் ஸ்கோரும் கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகாது. ஆறாம் பதிப்பில் எல்லாக் கோரும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய வேண்டும், பங்குபோடுவதற்கே நேரம் போகும். உண்மையான மென்பொருள்களும் அப்படித்தான் என்பதால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எஸ்எஸ்டி: பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறும் இடம்

டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க்கைத் திறந்தால் நான்கு வரிகள். மேலிரண்டு வரிசையாகப் படிக்கும், எழுதும் வேகம். சாட்டா எஸ்எஸ்டியில் விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, பிசிஐஇ 3.0 என்விஎம்இயில் 3,500 வரை, 4.0இல் 7,000 வரை போகும். பெட்டியில் அச்சடித்திருப்பதும் இதுதான். ஆனால் விண்டோஸ் எழுவதும் மென்பொருள் திறப்பதும் சிறு சிறு துண்டுகளைச் சிதறிய இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கும் வேலை. அதைக் காட்டுவது கடைசி வரி: ரேண்டம் 4கே, க்யூ1டி1 (ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கை). ஹார்ட் டிஸ்க்கில் அங்கே 1 எம்பியைத் தாண்டுவதே அரிது. எஸ்எஸ்டிகளில் சில பத்துகள் வரும், நல்ல என்விஎம்இயில் 80 சுமாருக்குப் போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கணினி புதுப்பிறவி எடுத்தது போல் இருப்பதும், சாட்டாவிலிருந்து 7,000 எம்பி என்விஎம்இக்கு மாறினால் ‘என்ன மாறியது?’ என்று தோன்றுவதும் இந்த வரியால்தான். சோதனைக்கு முன் டேட்டா வகை ‘ரேண்டம்’ என்றே இருக்கட்டும். எல்லாம் பூஜ்யம் என்று வைத்தால் டேட்டாவைச் சுருக்கி எழுதும் சில பழைய கன்ட்ரோலர்களில் எழுதும் வேகம் அளவுக்கு மீறி ஏறும்.

அடுத்தது எழுதும் வேகம். சோதனையின் இயல்பு அளவு 1 ஜிபி. இன்றைய எஸ்எஸ்டிகள் தங்கள் இடத்தில் ஒரு பகுதியை எஸ்எல்சி கேஷாக நடத்துகின்றன. அங்கே ஒரு செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதுவதால் வேகம். 1 ஜிபி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அது நிரம்பியபின் செல்லுக்கு மூன்று அல்லது நான்கு பிட் எழுத வேண்டும், வேகம் சரியும். நான்கு பிட் எழுதும் மலிவான க்யூஎல்சி டிரைவ்கள் சில ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கும் கீழே போய்விடும். கல்யாண வீடியோ 200 ஜிபியை ஒரே மூச்சில் இறக்குகிறவர்களுக்கு இந்தச் சரிவுதான் முக்கியம். அதைப் பார்க்கச் சோதனை அளவை 64 ஜிபி ஆக்குங்கள். அதுவும் கேஷுக்குள் அடங்கினால் 100, 150 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலைக் காப்பி செய்து வரைபடத்தைக் கவனியுங்கள். மூலம் இலக்கைவிட மெதுவான டிரைவில் இருந்தால் நீங்கள் அளப்பது மூலத்தை. இரண்டும் ஒரே டிரைவில் இருந்தால் படிப்பும் எழுத்தும் மோதும். விண்டோஸ் காப்பி வரைபடத்தின் முதல் சில விநாடிகள் ரேமின் வேகம், டிஸ்க்கின் வேகமாக அதை எழுதிவிடாதீர்கள்.

டிரைவ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். பல டிரைவ்களில் இந்தக் கேஷ் காலி இடத்திலிருந்து எடுக்கப்படுவதால், 85 சதவீதம் நிறைந்த டிரைவ் காலியானதைவிட வெகு சீக்கிரம் சரியும். பெரிய எழுதும் சோதனையை நாள்தோறும் ஓட்ட வேண்டாம், எஸ்எஸ்டிக்கு எழுதும் ஆயுள் என்று ஒரு வரம்பு உண்டு.

ரேம்

டிடிஆர்4 3200 ரேம் ஒரு சானலில் (ப்ராசசரோடு இணைக்கும் பாதையில்) விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும்: 3,200 மில்லியன் மாற்றம், ஒவ்வொன்றிலும் 8 பைட். இரண்டு சானல் என்றால் 51.2. ஒரே ஸ்டிக் போட்ட லேப்டாப் பாதியில் ஓடுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேமும் இதே ரேமிலிருந்துதான் உண்கிறது, அங்கேதான் இரண்டாவது ஸ்டிக்கின் பலன் பளிச்சென்று தெரியும். சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தில் கிளாக் 1,600 என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு மாற்றம், 1,600 என்றால் 3200தான். டிடிஆர்5இல் ஒவ்வொரு ஸ்டிக்கும் இரண்டு 32-பிட் துணைச் சானல்களாகப் பிரிந்திருக்கும். ‘இரண்டு’ என்று பார்த்து டூயல் சானல் என்று நினைத்துவிடாமல், டாஸ்க் மேனேஜரில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

லினக்ஸில் ரேமின் வேகத்தை அளக்க ஸ்ட்ரீம் என்ற சோதனை இருக்கிறது. அதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் அணியின் (அது படித்து எழுதும் எண் வரிசையின்) அளவு. அணி கேஷுக்குள் அடங்கிவிட்டால் கிடைப்பது கேஷின் வேகம். ஒவ்வொரு அணியும் கடைசி நிலைக் கேஷைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 32 எம்பி கேஷ் என்றால் 128 எம்பி, 8 பைட் எண்களில் 1 கோடியே 68 லட்சம். மேலே சொன்ன இரண்டு சானல் ரேமில் முடிவு 51.2ஐத் தாண்டினால் அணியை இன்னும் பெரிதாக்குங்கள்.

கேம்

விநாடிக்குச் சராசரியாக 60 ஃபிரேம் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு விநாடியில் ஒரு ஃபிரேம் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது, மீதி 59 ஃபிரேமும் மிஞ்சிய 900 மில்லிவிநாடியில் ஓடிவிடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 60தான். ஆனால் விநாடிக்கு ஒருமுறை திரை நின்று நகரும், விளையாட முடியாது. அதனால் ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவு செய்யும் கேப்ஃபிரேம்எக்ஸ் அல்லது பிரசன்ட்மான் பயன்படுத்தி, சராசரியோடு ‘1 சதவீத லோ’ எண்ணையும் எடுங்கள். ஆனால் எல்லா மென்பொருளும் 1 சதவீத லோவை ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் சராசரியைச் சில எடுக்கின்றன, 99ஆம் சதமானத்தில் நிற்கும் ஃபிரேமைச் சில எடுக்கின்றன. இரண்டு கணினியிலும் ஒரே மென்பொருளால் அளந்ததை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்கையும் ஃபிரேம் வரம்பையும் அணையுங்கள். கேமில் பெஞ்ச்மார்க் காட்சி இருந்தால் அதையே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே சேவ் ஃபைலிலிருந்து ஒரே பாதையில் 60 விநாடி நடங்கள். முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராவதால் தடங்கல் இருக்கும், அதை விலக்குங்கள். ஓடும்போது ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பயன்பாடு 97, 99 சதவீதத்தில் நின்றால் கிராபிக்ஸ் கார்டுதான் எல்லை. இந்த நிலையில் ப்ராசசரை மாற்றிச் சோதித்தால் இரண்டும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். ப்ராசசர்களை ஒப்பிட வேண்டுமென்றால் ரெசல்யூஷனைக் குறைத்து, ஜிபியு மூச்சுவிடும் நிலைக்குக் கொண்டுவந்து ஓட்டுங்கள்.

உங்கள் வேலையையே சோதனையாக்குங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது இது. நீங்கள் அடிக்கடி காத்திருக்கும் வேலைகள் மூன்றை எடுங்கள். ஒரு வீடியோவை எஃப்எஃப்எம்பெக் கொண்டு மாற்றுவது, 5 ஜிபி ஃபோல்டரை செவன்-ஜிப்பில் சுருக்குவது, உங்கள் புராஜெக்டை முதலிலிருந்து கம்பைல் செய்வது என்பது போல. ஒரே உள்ளீட்டு ஃபைலை இரண்டு கணினியின் உள் டிரைவிலும் வைத்து, மென்பொருளின் ஒரே பதிப்பை நிறுவுங்கள். ஓட்டியபின் வெளியீட்டையும் சரிபாருங்கள். வீடியோவில் ஒரு கணினி கிராபிக்ஸ் கார்டில் உள்ள என்கோடரையும் மற்றது ப்ராசசரையும் பயன்படுத்தினால் இரண்டும் வேறு வேலைகள். முன்னது பல மடங்கு விரைவாக முடியும், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும்.

லினக்ஸில் டைம் கட்டளை மூன்று எண்களைத் தரும். ‘ரியல்’ என்பது கடிகார நேரம். ‘யூசர்’ எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைத்த நேரம், ‘சிஸ்’ கெர்னலுக்குள் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள்) போன நேரம். ரியல் 100 விநாடி, யூசர் 700 விநாடி என்றால் சராசரியாக ஏழு கோர் உழைத்திருக்கிறது. ரியல் 100, யூசரும் சிஸ்ஸும் சேர்ந்து 20 என்றால் மீதி 80 விநாடி டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருந்தது. அங்கே புது ப்ராசசர் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். சிறிய கட்டளைகளுக்கு ஹைப்பர்ஃபைன் நல்ல கருவி. அது தானாகவே குறைந்தது பத்து முறை ஓட்டிச் சிதறலையும் சொல்லும், முன்கூட்டிச் சூடேற்றும் ஓட்டங்களையும் கேட்டு வாங்கலாம். ஒருமுறை படித்த ஃபைல் ரேமில் தங்கிவிடும் என்பதால், டிஸ்க்கைச் சேர்த்து அளக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அந்த ரேம் பகுதியை (பேஜ் கேஷை) காலி செய்யுங்கள்.

எண்களைச் சேர்த்துச் சொல்லும்போது

100 விநாடி வேலை 80 விநாடியில் முடிந்தால் நேரம் 20 சதவீதம் குறைந்தது, வேகம் 25 சதவீதம் கூடியது. இரண்டும் சரி. எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பல சோதனைகளின் விகிதங்களுக்குச் சாதாரணச் சராசரி எடுத்தால் கணக்கே கவிழும். முதல் கணினி இரண்டு வேலைகளை 10, 100 விநாடியில் முடிக்கிறது. இரண்டாவது 20, 50 விநாடியில். முதல் கணினியை அடிப்படையாக வைத்தால் விகிதங்கள் 2, 0.5. சராசரி 1.25, ஆக இரண்டாவது 25 சதவீதம் மெதுவானது. இரண்டாவதை அடிப்படையாக வைத்தால் விகிதங்கள் 0.5, 2. சராசரி மறுபடியும் 1.25, ஆக முதலாவது 25 சதவீதம் மெதுவானது! பெருக்கல் சராசரி எடுங்கள்: 2ஐ 0.5ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1. எதை அடிப்படையாக வைத்தாலும் 1தான். கணினிச் சோதனைகளை வகுக்க 1988இல் தொடங்கிய ஸ்பெக் அமைப்பு இந்த முறையைத்தான் கையாள்கிறது. அதன் சிபியு 2017 தொகுப்பில் 43 சோதனைகள் நான்கு பிரிவாக உள்ளன. ஒவ்வொன்றின் நேரத்தையும் சன் ஃபயர் வி490 என்ற அடிப்படை மெஷினின் நேரத்தோடு ஒப்பிட்டு, பிரிவுவாரியாகப் பெருக்கல் சராசரி எடுக்கிறார்கள்.

ஆனால் அந்த இரண்டு வேலையும் நீங்கள் தினம் ஒருமுறை செய்பவை என்றால் பெருக்கல் சராசரியை மறந்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்: 110 விநாடி, 70 விநாடி. உங்களுக்கு இரண்டாவது கணினிதான்.

பிறர் எடுத்த ஸ்கோர்

கீக்பெஞ்ச் தளத்தில் இருப்பவை யார் வேண்டுமானாலும் ஏற்றியவை. ஓவர்கிளாக் செய்தவை, வெர்ச்சுவல் மெஷினில் ஓடியவை எல்லாம் கலந்திருக்கும். உச்சியில் நிற்கும் எண்ணை எடுக்காமல் ஒரே மாடலின் இருபது முடிவுகளைப் பார்த்து நடுவில் நிற்பதை எடுங்கள்.

கடுமையான விதிகளுள்ள சோதனையிலும் கண் விழிப்பாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஸ்பெக் அமைப்பு சிபியு 2017இன் 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை என்று குறித்தது. அவற்றில் பயன்பட்ட இன்டெல் கம்பைலர், தொகுப்பில் உள்ள எக்ஸ்எம்எல் மாற்றும் சோதனை ஒன்றின் நிரலையும் தரவையும் முன்கூட்டி அறிந்தது போல் அதை மட்டும் வேகப்படுத்தியது என்பது காரணம். ஆகவே மொத்த ஸ்கோரைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் தனித்தனிச் சோதனைகளையும் திறந்து பாருங்கள். மற்றவை எல்லாம் 5 சதவீதம் கூடியிருக்க ஒன்று மட்டும் 60 சதவீதம் குதித்திருந்தால், அதை விலக்கிவிட்டு மறுபடி சராசரி எடுங்கள்.

எழுதி வைப்பது

ஸ்கோருக்குப் பக்கத்தில் இவற்றையும் குறித்து வையுங்கள்: தேதி, அறை வெப்பநிலை, சோதனையின் பதிப்பு, விண்டோஸ் அல்லது கெர்னல் பதிப்பு, பயாஸ் பதிப்பு, கிராபிக்ஸ் டிரைவர் பதிப்பு, பவர் மோடு, சார்ஜரின் வாட், ரேம் ஸ்டிக் எண்ணிக்கையும் வேகமும், டிரைவ் எத்தனை சதவீதம் நிறைந்தது, எத்தனை ஓட்டம், நடு எண், ஆட்டம், சூடான நிலையில் நின்ற வாட். கணினி வாங்கிய முதல் வாரத்திலேயே இதை ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து ‘மெதுவாகிவிட்டது’ என்று தோன்றும்போது அதே சோதனையை அதே பதிப்பில் ஓட்டினால், வாட் குறைந்திருந்தால் தூசியையும் பேஸ்டையும், வாட் அதேயிருந்து ஸ்கோர் மட்டும் குறைந்திருந்தால் பின்னணியில் ஓடுவதையும் புதிதாக வந்த அப்டேட்களையும், ரேண்டம் 4கே வரி மட்டும் விழுந்திருந்தால் நிறைந்துபோன டிரைவையும் முதலில் பார்க்கலாம்.